நினைவுப் பெட்டகமும் நிர்ணய ஏடும்

பாலிகஞ்ச் சந்திப்பில் தெற்கே செல்லும் மின்சார ரயிலில் ஏறி அமர்ந்தால் முதலில் டாகுரியா, அடுத்து ஜாதவ்பூர். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு ராஷ்பிஹாரி அவென்யூ வழியே வீடு திரும்பும் நம் தமிழன்பர்களுக்கு இந்த இரண்டு நிலையப் பயணம் புதிதன்று. ஆயினும் அந்த ஜாதவ்பூரில், பல்கலைக்கழக வளாகத்தினுள்ளே, நம் நாட்டவர் தம் கையாலேயே சமைத்த டிரான்ஸிஸ்டர் கணிப்பொறி ஒன்று 1966-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது என்பதை அறிந்தவர் நம்முள் சிலரே. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, நகரத்தின் வடகோடியிலுள்ள பாராநகரில், இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி வேலை செய்துகொண்டிருந்தது என்பதை அறிந்தவர் அவர்களிலும் சிலர்.

அந்த யந்திரங்களின் புகழைப் பாடுவது இவ்வுரையின் நோக்கமன்று. கணக்கிடும் பொறி ஒன்று; கணக்கைச் சேமித்து வைக்கும் பெட்டகம் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு என்று எழுதிய ஏடு யார் கையில் இருந்தது? அதை நம்மவர் எவ்வாறு பெற்றனர், அல்லது பெறாது தவித்தனர்? இதுவும் ஒரு வரலாறுதான். போர்க்களமும் முடிசூட்டு விழாவும் இதில் இல்லை. தபால் உறைகளும் விலைப்பட்டியல்களும் உண்டு.

இணைப்பு என்றால் என்ன என்பதை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கல்கத்தாவிலிருந்து தஞ்சைக்கோ நெல்லைக்கோ விடுமுறையில் சென்ற குடும்பங்கள் பட்ட பாட்டை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஹௌரா மெயில் 5 அடி 6 அங்குல அகலப் பாதையில் வந்து சென்னை சென்ட்ரலில் நின்றுவிடும். தெற்கே செல்லும் வண்டிகளோ மீட்டர் பாதையில் எழும்பூரிலிருந்து புறப்படும். பெட்டி, படுக்கை, கூஜா, குழந்தைகள் அனைத்தையும் இறக்கி, வண்டி பேசி, எழும்பூர் சேர்ந்து, மறுபடியும் ஏற்றவேண்டும். இரண்டு பாதைகளும் தனித்தனியே குறைவற்றவைதாம். குறை, அவை ஒன்றோடொன்று பொருந்தாமையில் இருந்தது. 1992-இல் பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் தொடங்கிய பின்னரே அந்த இடைவெளி சிறிது சிறிதாக மூடப்பட்டது.

கணிப்பொறியிலும் இதே நிலைதான். பெட்டகத்திலிருந்து வரும் கம்பிகளில் எந்தக் கம்பியில் எந்தச் சமிக்ஞை, அதன் மின்னழுத்தம் எவ்வளவு, முதலில் பேசுவது யார், பதில் வராவிடின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பனவற்றில் இரு தரப்பாரும் முன்கூட்டியே ஒத்துப்போகவேண்டும். அந்த ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்ததே தரநிர்ணய ஏடு. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம், செய்தவனுடைய தலைக்குள்ளேயே இருந்துவிடும்.

பாராநகரில் அப்படித்தான் தொடங்கியது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வேண்டிய கணக்குகளைக் கைப்பொறிகளால் செய்து முடிக்க இயலாமல் திணறிற்று. 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா அங்கேயே சிறியதோர் ஒப்புமைக் கணிப்பொறியை அமைத்தார்; பத்து மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாடுகளை அது தீர்த்தது. பின்னர் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் யந்திரம் 1955-இல் தருவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனி செய்த இப்பொறியின் மூல வரைவு, லண்டன் பர்க்பெக் கல்லூரியின் ஆண்ட்ரூ பூத் என்பவருடையது. விலை ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய்.

அந்த யந்திரத்தின் நினைவுப் பெட்டகம் ஒரு காந்த உருளை. காந்தப்பூச்சு ஏறிய உலோக உருளையொன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். அதன் அருகே அசையாமல் நிற்கும் தலைகள் அதன்மேல் எழுதும், எழுதியதைப் படிக்கும். சேமிக்கக்கூடியது ஆயிரம் சொற்கள் அளவே. இன்று பள்ளிச் சிறுவன் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியோடு ஒப்பிட்டு நகைப்பது எளிது. ஆனால் அன்று அவ்வுருளை சுழலும்போது நாட்டின் திட்டக்கணக்கே அதனுடன் சேர்ந்து சுழன்றது.

1959 வாக்கில் சோவியத் நாட்டிலிருந்து யூரால் என்னும் இரண்டாவது யந்திரமும் அங்கு வந்து சேர்ந்தது. அதற்கும் காந்த உருளை உண்டு. ஒரே நிறுவனம், ஒரே கூரை. எனினும் ஆங்கில யந்திரத்தின் உருளையைக் கழற்றி ருஷ்ய யந்திரத்தில் மாட்ட இயலாது. அளவும் வேறு, சமிக்ஞையும் வேறு, சொல்லின் நீளமும் வேறு. அந்நாளில் அப்படி மாட்டவேண்டும் என்று எவரும் நினைக்கவுமில்லை என்பதையும் நாம் சொல்லிவிடவேண்டும். பெட்டகம் என்பது யந்திரத்தின் ஓர் உறுப்பு. மனிதனுடைய கல்லீரலைப் போல, அது அவனோடே பிறந்து அவனோடே போவது என்பதே அன்றைய எண்ணம்.

இந்நிலையில் பம்பாயில் நிகழ்ந்தது வேறு கதை. அதில் நமக்கு உரிமையான பெருமிதமும் சிறிது உண்டு. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1954-இல் சேர்ந்த ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அவர் தலைமையில் அமைந்த குழு கணிப்பொறி ஒன்றைச் சொந்தமாகவே கட்டியது. 1960-இல் இயங்கத் தொடங்கிய அப்பொறிக்கு 1962-இல் நேரு டிஃப்ராக் என்று பெயரிட்டார். அதன் நினைவகம் ஃபெரைட் வளையங்களால் ஆனது. 40 இலக்கங்கள் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கும்.

முன்பின் கணிப்பொறி கட்டியிராத இளைஞர்களுக்கு இது எவ்வாறு கைகூடியது? அவர்களுடைய அறிவும் உழைப்பும் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் ஃபான் நியூமன், கோல்ட்ஸ்டைன், பர்க்ஸ் ஆகிய மூவரும் 1946-இல் தங்கள் யந்திரத்தின் அமைப்பை அறிக்கையாக எழுதினர். தொடர்ந்து மேலும் சில அறிக்கைகள் வெளிவந்தன. அவற்றைப் பூட்டி வைத்துக் காப்புரிமை கோராமல், பொதுச்சொத்தாக்கி, கேட்ட ஆராய்ச்சி நிலையங்களுக்கெல்லாம் அனுப்பினர். அந்த அறிக்கைகளை வழிகாட்டியாகக் கொண்டு ஸ்டாக்ஹோமில் 1953-இலும், இஸ்ரேலின் ரெஹோவோத்தில் 1955-இலும், ஸிட்னியில் 1956-இலும் யந்திரங்கள் எழுந்தன. டிஃப்ராக்கும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. விலைகொடுத்து வாங்கிய யந்திரம் பாராநகருக்கு ஒரு கணிப்பொறியைத் தந்தது. விலையின்றிக் கிடைத்த ஏடோ பம்பாய்க்குக் கணிப்பொறி கட்டும் திறனையே தந்தது. சில ஆண்டுகளில் பாராநகரும் பின்தங்கி நிற்கவில்லை. புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கைகோத்து உருவாக்கியதே நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட 1966-ஆம் ஆண்டு யந்திரம்.

இங்கே ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம். கல்கத்தாவில் ஐ.எஸ்.ஐ. என்றால் பாராநகரிலுள்ள புள்ளியியல் நிறுவனம் என்றே படித்தவர்கள் பொருள்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கோ ஐ.எஸ்.ஐ. என்பது இஸ்திரிப் பெட்டியிலும் அடுப்பிலும் தேடிப் பார்த்து வாங்கவேண்டிய முத்திரை. அந்த முத்திரைக்கு உரியது 1947 ஜனவரி 6-இல் தோன்றிய இந்தியத் தரநிர்ணய நிறுவனம். பெயரின் முதலெழுத்துகள் ஒன்றாயினும் இவை வெவ்வேறு அமைப்புகள். ஆயினும் இரண்டும் முற்றிலும் அந்நியர் அல்ல. உற்பத்திப் பொருளின் தரத்தைப் புள்ளியியலால் காக்கும் முறையை வகுத்த அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூஹார்ட் 1947-48-இல் மஹலநோபிஸின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்தார். எண்ணுவதும் தரம் காண்பதும் உடன்பிறப்புகள் என்பது அன்றே உணரப்பட்டது.

தரநிர்ணய நிறுவனத்தை அதன் தொடக்கத்திலிருந்து நடத்தியவர் டாக்டர் லால் சந்த் வர்மன். அது வெளியிட்ட ஏடுகளுள் முதல் எண் பெற்றது எது தெரியுமா? நமது தேசியக் கொடி. 1951-இல் வெளியான அவ்வேட்டில் துணி, நிறம், அளவு, அசோகச் சக்கரம் எல்லாம் வரையறுக்கப்பட்டன. கொடிக்கே ஏடு வேண்டியிருந்தது எனின், கணிப்பொறிக் கம்பிக்கு வேண்டாமா?

ஏடுகளை எழுதினால் போதாது, அவை வேண்டுவோர் கையில் சேரவேண்டும் என்பதை உணர்ந்திருந்த பெரியார் ஒருவர் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி உலகப்புகழ் பெற்ற எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகரை நூல்களின் நடுவே உலவவிட்டவர். நூல் காவலுக்கன்று, பயன்பாட்டுக்கே என்பதைத் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்டவர். தரநிர்ணய நிறுவனத்தின் ஆவணக் குழுவுக்கு அவர் பல்லாண்டுகள் தலைவராக இருந்தார். 1962-இல் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையத்தை அமைத்தவரும் அவரே. ஆக, அந்த இரண்டு ஐ.எஸ்.ஐ.க்கும் பாலமாக நின்றவர் ஒரு தமிழர் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பிழையில்லை.

அவர் போன்றோர் வற்புறுத்தியதன் பயனாகவும், யுனெஸ்கோ அளித்த உதவியாலும், 1952-இல் தில்லியில் இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம் தோன்றியது. இன்னின்ன வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்த இன்னின்ன கட்டுரை வேண்டும் என்று எழுதினால், அம்மையம் அதைத் தேடிப் புகைப்படப் பிரதி எடுத்து அனுப்பும். ருஷ்யம், ஜெர்மன், ஜப்பானியம் முதலிய மொழிகளிலிருந்து பெயர்த்தும் தரும். பிற்காலத்தில் கல்கத்தாவிலும் சென்னையிலும் பெங்களூரிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த அக்காலத்தில், ஆராய்ச்சி செய்த எத்தனையோ பேருக்கு அந்த மையத்தின் பிரதிகளே கண்களாயிருந்தன.

ஆனால் சேமிப்புக் கருவிகளைப் பொறுத்தவரை, கேட்டாலும் கிடைக்கக்கூடிய பொது ஏடு அன்று எங்குமே இல்லை. 1956-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வட்டுப் பெட்டகத்தை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது வட்டுகள், ஐம்பது இலட்சம் எழுத்துகள். 1964-இல் பாராநகருக்கும் அந்நிறுவனத்தின் 1401 என்னும் யந்திரம் வந்தது. அக்காலத்தில் இத்தகைய யந்திரங்கள் பெரும்பாலும் வாடகைக்கே வந்தன. பழுது பார்ப்பவரும் கம்பெனியின் ஆட்களே. வாடகை கொடுப்பவன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவதைப் போல, இங்குள்ள பொறியாளர் பெட்டியின் உள்ளே கைவைக்கத் தயங்கவேண்டியிருந்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவிலேயே சில சிறு நிறுவனங்கள் ஐ.பி.எம். யந்திரத்தில் பொருந்தக்கூடிய வட்டுக் கருவிகளைச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் துணிந்தன. இணைப்பு முறையை அறிந்தவன் சந்தையில் நுழையலாம், அறியாதவன் வாயிலில் நிற்கவேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் பட்டவர்த்தனமாயிற்று.

நமக்கு அந்தப் பாடம் 1978-இல் வந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் கோரிய பங்குக் குறைப்புக்கு இணங்காமல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. நாடெங்கும் அது விட்டுச்சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு, அரசாங்கம் அமைத்திருந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகத்தின் தோளில் விழுந்தது. யந்திரம் நம்முடையதாகிவிட்டது, அதைச் செய்தவர் அறிவைக் கடலுக்கு அப்பால் கொண்டு சென்றுவிட்டார். அவ்வேளையில் ஒரு வரைபடத்துக்கும் ஒரு கையேட்டுக்கும் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை, பழுதான பம்புசெட்டுடன் அறுவடைக்கு முன் தவித்த எந்த விவசாயியும் சொல்வான். கழகத்தின் பொறியாளர்கள் அதைத் திறம்படச் செய்து காட்டினார்கள் என்பது நம் நாட்டுக் கணிப்பொறி வரலாற்றின் நல்ல பக்கங்களுள் ஒன்று.

நிலைமை மாறியதற்கு ஒரு விந்தையான நிகழ்ச்சி காரணம். அமெரிக்காவில் ஆலன் ஷூகார்ட் என்பவர் 1973-இல் தம் பெயராலேயே ஒரு கம்பெனி தொடங்கி, விரைவிலேயே அதைவிட்டு விலகினார். அவரில்லாத அந்தக் கம்பெனி, சிறு வட்டுக் கருவிகளைக் கணிப்பொறியோடு இணைக்க 1979-இல் ஒரு முறையை வகுத்தது. அதை வணிக இரகசியமாகக் காக்காமல் 1981-இல் வெளிப்படையாக அறிவித்து, தேசியத் தரக்குழுவின் முன் வைத்தது. 1982-இல் குழு அதை எடுத்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் பெயர் பொது ஏட்டுக்கு ஆகாது என்பதால் ‘ஸ்கஸி’ என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. 1986-இல் எக்ஸ்3.131 என்னும் எண்ணுடன் அமெரிக்கத் தரநிர்ணயமாக அது வெளிவந்தது; பின்னர் பன்னாட்டு நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. விலகிச் சென்ற ஷூகார்ட் இதற்கிடையில் ஸீகேட் என்னும் மற்றொரு கம்பெனியைத் தொடங்கி, 1980-இல் 5 மெகாபைட் கொள்ளும் சிறு வட்டுக் கருவியைச் செய்துவிட்டார். அதன் இணைப்பு முறையும் வேறாயிருந்தது. பெரிய மனிதர்கள் பிரிந்தால் பாதைகளும் பிரிகின்றன.

அந்த ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு சிறு உதாரணத்தால் காட்டுவோம். 50 கம்பிகள் கொண்ட நாடா; அதில் கணிப்பொறியையும் சேர்த்து எட்டுக் கருவிகள் வரை கோக்கலாம்; நாடாவின் நீளம் 6 மீட்டருக்கு மேற்படலாகாது. இரு முனைகளிலும் ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் 220 ஓம், 330 ஓம் என இரண்டு மின்தடைகள் வைத்து முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால், பாலத்தடியில் கூவியவனுக்குத் தன் குரலே திரும்பி வருவதைப் போல, சமிக்ஞை முனையில் மோதித் திரும்பும்; கருவி தன் எதிரொலியைத் தானே கேட்டுக் குழம்பும். 220, 330 என்னும் இரண்டு எண்கள்! தெரிந்தவனுக்குச் சில காசு விலையுள்ள மின்தடைகள்; தெரியாதவனுக்கோ எப்போதாவது ஒழுங்காக நடந்து எப்போதாவது தகவலைக் கெடுக்கும் பேய்பிடித்த பெட்டி.

1980-களின் பிற்பகுதியில் பாலிகஞ்சில் ஒரு மாடியறையில் அமர்ந்து கருவி செய்ய முயன்ற பொறியாளர் ஒருவருக்கு இந்த ஏடு வேண்டியிருந்தால் என்ன செய்திருக்க இயலும்? அமெரிக்க விற்பனையாளருக்கு எழுதலாம், விலை டாலரில். டாலர் பெற ரிசர்வ் வங்கியின் விதிகளைக் கடக்கவேண்டும். தரநிர்ணய நிறுவனத்தின் வழியே வெளிநாட்டு ஏடுகளை ரூபாய்க்கு வரவழைக்க ஒரு வாயில் உண்டு. அதற்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். பெரிய கல்வி நிலையத்தில் நண்பர் இருந்தால் அங்குள்ள பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இவை எதுவும் கைகூடாதபோது எஞ்சியது பிரதியின் பிரதி. நகல் யந்திரத்தில் மூன்று தலைமுறை கடந்த பக்கத்தில் 3 எது, 8 எது என்று கண் இடுக்கிப் பார்த்த அனுபவம் அத்தலைமுறையினர் பலருக்கு உண்டு. சாந்தினி சந்தையில் கணிப்பொறிப் பாகங்கள் குவிந்த காலத்திலும், பாகம் கிடைப்பது எளிதாயிருந்தது. பாகத்தைப் பற்றிய ஏடுதான் அரிதாயிருந்தது. வாய்மொழியாகவே வித்தை பரவியது. நாடாவின் ஓரத்திலுள்ள சிவப்புக் கோடு முதற்கம்பியைக் குறிக்கும் என்பதைக் குருவிடமிருந்து சீடன் கற்றான், ஏட்டிலிருந்து அன்று.

வீட்டுக் கணிப்பொறிகளில் பரவிய மற்றொரு முறை, 40 கம்பிகள் கொண்ட ஏ.டி.ஏ. ஆகும். கம்பெனிகள் சில கூடி 1986 வாக்கில் வகுத்த இது, 1994-இல்தான் தேசியத் தரநிர்ணயமாயிற்று. அதற்குள் கோடிக்கணக்கான பெட்டிகளில் அது குடியேறிவிட்டது. கல்யாணம் முடிந்து பேரன் பிறந்த பிறகு பதிவு செய்ததைப் போன்றது இது. நடுவே ஒவ்வொரு கம்பெனியும் சிறிது சிறிதாக வேறுபட, ஒரு கம்பெனியின் வட்டுடன் மற்றொரு கம்பெனியின் வட்டைச் சேர்த்தால் இரண்டும் ஊமையாகிவிடும் விபரீதங்கள் நேர்ந்தன.

1990-களில் மின்வலை பரவியதும் ஒரு வாயில் திறந்தது. இக்குழுக்கள் தம் வரைவுகளை மின்வலையில் வெளியிட்டன. இறுதி ஏடு மட்டும் விலைக்கு. வரைவுக்கும் இறுதிக்கும் வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. ஆகவே உலகெங்கும் மாணவர்களும், பலர் கூடி எழுதும் இலவச மென்பொருள்களின் ஆசிரியர்களும் வரைவுகளை வைத்தே வேலை செய்தனர். பிற்பாடு அவ்வாயில்களுள் சில ஒடுங்கியதும் உண்டு. விற்பவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கூட்டம் கூட்டவும், திருத்தவும், அச்சிடவும் செலவுண்டு. அதை ஏட்டின் விலையால் ஈடு செய்கிறோம் என்கின்றனர். ஆயினும் ஏட்டை எழுதும் பொறியாளர்களுக்குச் சம்பளம் தருவது அவரவர் கம்பெனியே என்பதை நோக்கும்போது, அந்த வாதம் நமக்கு முழு நிறைவைத் தரவில்லை. இத்துறையினர் பின்னர் கண்ட முடிவும் நம் எண்ணத்துக்கு ஒத்ததாகவே இருக்கிறது. 2011 மார்ச் 1-இல் முதற்பதிப்பு வெளியான என்.வி.எம். எக்ஸ்பிரஸ் என்னும் புதிய இணைப்பு முறையின் ஏட்டை எவரும் விலையின்றிப் பெறலாம். இன்றைய மடிக்கணினிகளின் சுழலாத பெட்டகங்கள் பெரும்பாலும் அதன்படியே நடக்கின்றன.

நம் நாட்டு ஏடுகளின் கதை இதனினும் சுவையானது. 1947-இன் நிறுவனம் 1987 ஏப்ரல் 1-இல் சட்டபூர்வமான இந்திய தர நிர்ணய அமைவனமாக மாறியது. அதன் ஏடுகளும் விலைக்கே கிடைத்தன. கட்டடம், மின்சாரம், குழந்தைகளின் பொம்மை எனப் பலவற்றுக்கும் உரிய நிர்ணயங்கள் அவற்றில் இருந்தன. அவற்றுள் சிலவற்றைச் சட்டமே கட்டாயமாக்கியும் இருந்தது. கார்ல் மலமூத் என்னும் அமெரிக்கர், இந்திய நிர்ணய ஏடுகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டி மின்வலையில் எல்லோரும் படிக்கும்படி ஏற்றிவிட்டார். கட்டாயமான சட்டத்தைக் காசு கொடுத்துத்தான் படிக்கவேண்டுமா என்பது அவர் கேள்வி. அமைவனம் இதை ஏற்கவில்லை. 2015-இல் அவரும் இந்தியர் இருவரும் தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தனர். ஐரோப்பாவிலும் இதே கேள்வியை அவருடைய அமைப்பு எழுப்ப, அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 5-இல், சட்டத்தோடு இணைந்த நிர்ணயங்களைக் குடிமக்கள் பார்க்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அமைவனமே மனம் மாறி, உள்நாட்டில் வகுத்த நிர்ணயங்களைக் கட்டணமின்றித் தரத் தொடங்கியது.

இன்று பாலிகஞ்சில் வசிக்கும் மாணவர் ஒருவர் அமைவனத்தின் மின்வலையகத்தில் தம் பெயரைப் பதிந்துகொண்டு இந்திய நிர்ணயங்களை வீட்டிலிருந்தே பெறலாம். பன்னாட்டு நிர்ணயங்களைத் தழுவி வெளியிட்டவற்றுக்கு மட்டும் இச்சலுகை இல்லை. அவற்றின் பதிப்புரிமை வெளிநாட்டு அமைப்புகளைச் சார்ந்தது. ஸ்கஸி முறையின் இன்றைய பன்னாட்டு வடிவம் 14776 என்னும் எண்வரிசையில் பல பகுதிகளாக ஜினீவாவிலிருந்து வெளிவருகிறது. அதன் விலை இன்னும் ஸ்விஸ் பிராங்கிலேயே குறிக்கப்படுகிறது.